முதல் பருவ நிறைவும் ஒன்பதாம் வகுப்பு வரலாற்று ஒப்படைப்பும்: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். முதல் பருவம் நல்லபடியாக நிறைவடைந்துள்ளது. விளையாட்டிலும் பேச்சுப் போட்டியிலும் நம் மாணவர்கள் பரிசுகள் பெற்றுள்ளனர். பராமரிப்புப் பணிகளும் முடிந்துவிட்டன. ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி.

ஒன்பதாம் வகுப்பு வரலாற்று ஒப்படைப்பைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டியுள்ளது. தத்துவஞானிகளின் சிந்தனை பிரெஞ்சுப் புரட்சிக்கு எவ்வாறு தூண்டுகோலானது என்பதைச் சொந்த நடையில் எழுதி வருமாறு ஆசிரியை கேட்டிருந்தார். தாள்களை நானும் வாங்கிப் படித்தேன். ரூசோ ‘சமூக ஒப்பந்தம்’ எழுதினார், அது மக்களைத் தட்டியெழுப்பியது என்ற நோட்ஸ் வரி, ஒரு காற்புள்ளிகூட மாறாமல் தாளுக்குத் தாள் வந்திருந்தது. சிலவற்றில் கையெழுத்தே பிள்ளைகளுடையது அல்ல. வேலை முடிந்து களைத்து வந்தபின் பிள்ளைக்காக உட்கார்ந்து எழுதிய உங்கள் அக்கறையை நான் அறிவேன்.

ஆனால், பாடம் அந்த வரியில் இல்லை. நூல் வெளிவந்தது 1762இல். ரூசோ மறைந்தது 1778இல். பாரிஸின் பாஸ்டில் சிறைக்கோட்டை மக்களிடம் வீழ்ந்ததோ 1789 ஜூலை 14 அன்று. எழுதியவர் மறைந்து பதினோரு ஆண்டுகள் கழித்து அவர் கருத்து எப்படித் தெருவுக்கு வந்தது என்பதைத்தான் பிள்ளைகள் யோசிக்க வேண்டும். குருமார்களும் பிரபுக்களும் வரிச்சலுகை அனுபவிக்க, சுமையின் பெரும்பகுதியை மூன்றாம் வகுப்பினர் எனப்பட்ட ஏனைய மக்கள் தாங்கினார்கள். 1788இல் விளைச்சல் பொய்த்து ரொட்டி விலை ஏறியது. பசி அந்நாட்டுக்குப் புதிதல்ல. அது விதியல்ல, அநீதி என்று சொல்வதற்கான சொற்கள்தாம் புதியவை. 1789 ஆகஸ்ட் 26 அன்று ஏற்கப்பட்ட மனித உரிமைப் பிரகடனத்தில், சட்டம் பொதுவிருப்பத்தின் வெளிப்பாடு என்னும் 6ஆம் பிரிவில் ரூசோவின் குரலையும், அதிகாரங்கள் பிரிக்கப்படாத சமூகத்துக்கு அரசமைப்பே இல்லை என்னும் 16ஆம் பிரிவில் இன்னொரு தத்துவஞானியான மாண்டெஸ்கியூவின் குரலையும் இன்றும் கேட்கலாம்.

ஒரு மாணவி இப்படி எழுதியிருந்தாள்: “முன்பு பஞ்சம் வந்தபோது ராஜாவிடம் ரொட்டி கேட்டார்கள். இந்தத் தடவை உறிமை கேட்டார்கள்.” வல்லின ‘றி’யைச் சிவப்பு மையில் திருத்திவிட்டு, ஆசிரியை முழு மதிப்பெண் வழங்கினார். அதுவே சரி என்பது என் கருத்தும்.

ஆகவே ஒன்றைத் திட்டமாகத் தெரிவிக்கிறேன். பெற்றோர் எழுதிய தாளுக்கும் நோட்ஸைப் பார்த்து எழுதிய தாளுக்கும் மதிப்பெண் கிடையாது. வரலாற்றுப் பாடவேளையைக் கணக்குக்குக் கொடுக்குமாறு சிலர் கேட்டிருந்தீர்கள், அதற்கும் இடமில்லை. அத்தத்துவஞானிகளில் வால்டேர் அதே பாஸ்டிலில் அடைபட்டவர். திதரோ 1749இல் வின்சென் கோட்டையில் சிறையிருந்தவர். எழுத்துக்காகச் சிறை சென்றவர்களின் பாடத்தை நம் பிள்ளைகள் யோசிக்காமல் ஒப்பிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மறுபடி எழுத ஒரு வாரம் அவகாசம் தருகிறோம். பிழைகள் இருந்தாலும் பாதகமில்லை. வீட்டில் பிள்ளை இதைப் பற்றிப் பேச வந்தால், தயவுசெய்து பத்து நிமிடம் காது கொடுங்கள். எழுதுவதை அவர்களிடமே விட்டுவிடுங்கள். ஐயமிருந்தால் மாலை நான்கு மணிக்கு மேல் என்னை நேரில் சந்திக்கலாம். எங்கள் மீது நீங்கள் வைத்துள்ள நம்பிக்கைக்கு மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்