நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகையில் கொதிக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு தங்கள் மாணவர் பக்கத்தில் வந்த வீட்டுப் பரிசோதனையை வாசித்தேன். கேத்தலில் கொதிக்கும் தண்ணீரில் வெப்பமானியைப் பிடித்தால் 100 பாகை செல்சியஸ் காட்டும், காட்டாவிட்டால் வெப்பமானி பழுது என்று போட்டிருந்தீர்கள். அந்தப் பிற்பாதி வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் நுவரெலியாக்காரி. சுயாதீனமாக விஞ்ஞானம் எழுதுவதும் விஞ்ஞானக் கல்வி ஆலோசனையும்தான் என் தொழில். படிவங்களில் அப்படி எழுதினால் வாங்குபவர் நிமிர்ந்து பார்த்து, "அப்படியென்றால்?" என்று கேட்பார். அதனால் பெரும்பாலும் "டியூஷன் டீச்சர்" என்று நிரப்பிவிடுவேன். துணைக் கையேடு, சிறுவர் சஞ்சிகைக் கட்டுரை, ஆசிரியர் பட்டறை என்று யார் கூப்பிட்டாலும் போவேன்.

போன வருடம் ஒரு தோட்டப் பாடசாலையில் தரம் 8 பிள்ளைகளுடன் இதே பரிசோதனையைச் செய்தேன். தண்ணீர் தளதளவென்று கொதித்து மூடியைத் தள்ளுகிறது. வெப்பமானியின் சிவப்புக் கோடோ 94இல் ஏறி நின்றது நின்றதுதான். "இன்னும் கொதிக்கல போல மிஸ்" என்றான் ஒருவன், ஆவி முகத்தில் அடிக்க அடிக்க. முன் வரிசைப் பிள்ளை ஒன்று கொப்பியில் சத்தமில்லாமல் 100 என்று எழுதிவிட்டது. ஏன் என்று கேட்டேன். "புத்தகத்துல அப்படித்தானே மிஸ் இருக்கு."

இடைவேளையில் விஞ்ஞான ஆசிரியை என்னைத் தனியாகக் கூப்பிட்டு அலுமாரியைத் திறந்தார். உள்ளே ஒரு பழைய டொபி டின். அதற்குள் பஞ்சில் சுற்றிய இரண்டு வெப்பமானிகள். "இதுகளும் 94தான் காட்டிச்சு. பழுது என்று எடுத்து வச்சிட்டேன்" என்றார். மூன்றையும் ஒரே தண்ணீரில் வைத்தோம். மூன்றும் 94. நல்ல வெப்பமானிகள், பாவம், உண்மையைச் சொன்னதற்காக இரண்டு தவணை டின்னுக்குள் கிடந்திருக்கின்றன.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இங்கே வளிமண்டல அமுக்கம் கொழும்பில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். மேலிருந்து அமுக்கும் காற்றின் பாரம் குறைவு என்பதால் தண்ணீருக்குள் ஆவிக் குமிழிகள் முன்கூட்டியே எழுந்துவிடுகின்றன. சுமாராக 300 மீற்றர் ஏறினால் கொதிநிலை ஒரு பாகை இறங்கும். ஹட்டனில் செய்து பார்த்தால் 96 வாக்கில் வரும். பீதுருதலாகலை உச்சி 2,524 மீற்றர், அங்கே 92க்கும் சற்றுக் கீழே போகும் (கேத்தலோடு மேலே விடமாட்டார்கள் என்பது வேறு விஷயம்). அம்மா கடலையை முதல் நாளே ஊறப்போடாவிட்டால் வேகாது என்று ஏசுவார், "இந்தத் தண்ணி சரியில்ல" என்பார். தண்ணீர் மேல் குற்றமில்லை, அது போதுமான சூட்டுக்கு ஏறுவதில்லை. பிரஷர் குக்கர் மூடியை இறுக்குவது எதற்கு என்பதை அந்த வகுப்புக்கு அன்று இரண்டே நிமிடத்தில் சொல்ல முடிந்தது. கொப்பியில் 100 என்று எழுதியிருந்தால் அந்தப் பேச்சுக்கே இடம் வந்திருக்காது.

தங்கள் பக்கத்தில் இன்னொன்று: "தேங்காய் எண்ணெய் போன்ற, அறை வெப்பநிலையில் திரவமாக இருக்கும் பொருள்." எந்த அறை? தேங்காய் எண்ணெய் 24, 25 பாகை வாக்கிலேயே உறைந்துவிடும். எங்கள் லயத்து அறைகளில் காலையில் எண்ணெய்ப் போத்தலை அடுப்படியில் வைத்து உருக்கித்தான் பிள்ளைகளுக்குத் தலை வாருகிறார்கள். உப்புக் கரைசலை இரண்டு நாள் வெயிலில் வைத்தால் பளிங்கு கிடைக்கும் என்பதும் அப்படித்தான். தென்மேல் பருவக்காற்று நேரத்தில் இங்கே வந்து வைத்துப் பாருங்கள். நான் வைத்தேன். பத்தாம் நாள் தட்டில் முதலில் இருந்ததைவிடத் தண்ணீர் கூடியிருந்தது, கூரை ஒழுக்கு.

சரி, இதையெல்லாம் யார் செய்து பார்ப்பது? இங்கேதான் என் தொழிலின் சங்கடம். ஒரு நிறுவனம் ஆங்கிலத்தில் இருந்த பரிசோதனைக் கையேடு ஒன்றைத் தமிழாக்கித் தரச் சொன்னது. மொழிபெயர்ப்புக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று கணக்கு இருந்தது. நான் ஒவ்வொன்றையும் வீட்டில் செய்து பார்த்தேன், இங்கே சரிவராதவற்றுக்குக் குறிப்பு எழுதினேன், பில்லில் "பரிசோதித்தல்" என்று ஒரு வரி சேர்த்தேன். அந்த வரியைச் சிவப்பால் வெட்டித் திருப்பி அனுப்பினார்கள். குறிப்புகளையும் சேர்த்து வெட்டியிருந்தார்கள், அதுதான் அதிகம் வலித்தது. ஸ்பிரிட்டுக்கும் உடைந்த முகவைக்கும் கொடுத்த காசு என் கணக்கு.

செய்து பார்ப்பதற்குக் கூலி கொடுக்கும் வழக்கம் இந்த மலைகளுக்குப் புதிதல்ல. 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் கோப்பித் தோட்டங்களைத் தின்றுகொண்டிருந்தபோது, 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளரை அரசாங்கம் வரவழைத்தது. இரண்டு வருடம் கோப்பி இலைகளைப் பார்ப்பதுதான் அவருக்கு உத்தியோகம். பங்கசின் வித்திகள் காற்றில் பரவி இலைக்கு இலை தொற்றுகின்றன என்று இங்கேயே பார்த்து எழுதினார். கோப்பியைக் காப்பாற்ற முடியவில்லை, ஆனாலும் அவர் எழுதியது நின்றது. தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருப்பதும் இந்த மண்ணில், இந்த மழையில் பார்த்தால்தான் சரி என்பதற்காகத்தானே?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரே பக்கத்தில் மேலே "ஒளிச்சேர்க்கை", கீழே "ஒளித்தொகுப்பு". ஒரு பெட்டியில் "ஆக்சிஜன்", பக்கத்தில் "ஒட்சிசன்". ஒளிச்சேர்க்கை, ஆக்சிஜன் என்ற தமிழ்நாட்டுச் சொற்களில் பிழையில்லை, அவை அங்கத்தைய பாடநூல் சொற்கள். இங்கே சாதாரண தரம் எழுதப்போகும் பிள்ளைக்கு இரண்டும் இரண்டு வேறு சங்கதி என்று தோன்றும். என்னிடம் வந்து கேட்ட பிள்ளைகள் உண்டு. தேயிலைத் தொழிற்சாலையில் "நொதித்தல்" என்கிறார்களே, அதில் மதுவம் (ஈஸ்ட்) எங்கே இருக்கிறது என்று ஒருத்தி கேட்டாள். அப்பா அங்கேதான் வேலை. மதுவம் இல்லை, நசுங்கிய கொழுந்தில் உள்ள நொதியம் (என்சைம்) ஒட்சிசனோடு சேர்ந்து செய்யும் வேலை அது, வெட்டிய கத்தரிக்காய் கறுப்பது போல என்றேன். உருட்டிய கொழுந்து செம்பு நிறமாவதை அவள் பார்த்திருக்கிறாள், உடனே பிடித்துக்கொண்டாள். அப்படிக் கேட்கிற பிள்ளைக்குத்தான் நாம் வேறு ஊரில் வெட்டிய கட்டுரையை ஒட்டிக் கொடுக்கிறோம்.

தங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மாணவர் பக்கத்தில் பரிசோதனை ஒன்று போவதற்கு முன், அதை மலையகத்தில் ஒரு வீட்டிலும் கரையோரத்தில் ஒரு வீட்டிலும் செய்து பார்க்கச் சொல்லுங்கள். செய்து பார்ப்பவருக்கு, அது நானாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எழுதுபவருக்குக் கொடுப்பதில் ஒரு பங்கு கொடுங்கள். இரண்டு விடையும் வேறாக வந்தால் இரண்டையும் போடுங்கள். கொழும்புப் பிள்ளை 100 என்றும் கந்தப்பளைப் பிள்ளை 94 என்றும் எழுதி அனுப்பினால், அடுத்த வாரத்துக் கட்டுரை தானாகவே கிடைத்துவிடும்.

அந்த டொபி டின் வெப்பமானிகள் இரண்டும் இப்போது வகுப்பில் பாவனையில் இருக்கின்றன. கடைசியாகப் போனபோது டின்னில் சோக்கட்டி போட்டிருந்தார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகி,
நுவரெலியா