ஊசி போட வரும்முன் ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் அக்குபங்சர் நிலையத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே கேட்பவை இரண்டு: "ரொம்ப வலிக்குமா?", "எத்தனை தடவையில சரியாகும்?" அதற்காகத்தான் இந்த மடல்.

ஊசி என்றதும் ஆஸ்பத்திரியில் இடுப்பில் போடுவதுதான் நினைவுக்கு வரும். அது மருந்து இறங்குவதற்காக உள்ளே துளை உள்ள ஊசி. எங்கள் ஊசியில் துளையும் இல்லை, மருந்தும் இல்லை. தடிமன் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர். சின்னக் குழாயில் வைத்து விரலால் ஒரு தட்டு தட்டினால் இறங்கிவிடும். சுருக்கென்று ஒரு எறும்புக்கடி, அவ்வளவுதான். அப்புறம் ஊசியை லேசாகத் திருகும்போது அந்த இடம் கனத்து, மதமதவென்று இருக்கும். சீனர்கள் இதைத் 'தே சி' என்பார்கள், 'சி' என்னும் உயிராற்றல் வந்து சேர்ந்ததாகப் பொருள். ஷாக் அடித்தாற்போல் இழுத்தால் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதீர்கள், உடனே சொல்லுங்கள்.

தலைவலிக்கு வந்தவருக்குக் கையில் ஊசி போட்டால் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள 'ஹெகு' புள்ளி, தலைவலிக்கும் பல்வலிக்கும் தொன்றுதொட்டு எடுக்கும் புள்ளி. ஆனால் கர்ப்பிணிகளுக்கு அதை வழக்கமாகத் தொடமாட்டோம். நாள் தள்ளியிருந்தால் கூச்சப்படாமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள். (இது வர்மமா என்று கேட்கிறார்கள். இல்லை, அது வேறு மரபு.)

சரி, எத்தனை தடவை? பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி அமைப்பான நைஸ், மாத்திரைகள் ஒத்துவராத ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு 5 முதல் 8 வாரங்களில் 10 தடவை வரை அக்குபங்சர் செய்து பார்க்கலாம் என்று 2012இல் சொன்னது. வலியைத் தடுக்கத்தான் அது, ஒரே நாளில் விரட்ட அல்ல. நிஜ ஊசியையும் பேருக்குப் போட்ட போலி ஊசியையும் ஒப்பிட்ட பல ஆய்வுகளில் வித்தியாசம் சிறிதாகவே வந்திருக்கிறது. அதை மறைத்துத் தொழில் செய்ய எங்களுக்கு விருப்பமில்லை. ஐந்தாறு தடவையில் ஒரு மாற்றமும் தெரியாவிட்டால் நாங்களே நிறுத்தச் சொல்வோம்.

சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை எங்களை நம்பி நிறுத்தாதீர்கள். "மாத்திரையே வேண்டாம்" என்று எந்த அக்குபங்சர்காரர் சொன்னாலும் உங்கள் டாக்டரைக் கேட்காமல் விடாதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதையும் சொல்ல வேண்டும். ஊசி எடுத்த இடத்தில் கன்றிப்போகலாம்.

வெறும் வயிற்றோடு வராதீர்கள், தலைசுற்றும். இரண்டு இட்லியாவது போதும். முழங்காலுக்கு மேல் சுருட்ட முடிகிற உடை நல்லது. படுத்திருப்பது 20 முதல் 30 நிமிடம். ஊசிகள் உங்கள் கண்முன்னே உறை பிரித்தவை, ஒரு தடவைக்கு மேல் பயன்படாது. எண்ணிப் போட்டு எண்ணியே எடுப்போம்.

இன்னொன்று, வரும்போது வெற்றிலை போட வேண்டாம். நாடி பார்த்த கையோடு நாக்கின் நிறத்தையும் பார்ப்போம். போன வாரம் ஒரு பெரியவர் நாக்கை நீட்டினார், செக்கச்செவேல். அரை மணி நேரம் வாய் கொப்பளித்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

அன்புடன்,
உங்கள் அக்குபங்சர் நிலையத்தார்