அத்தோ பிறந்த ஊரிலிருந்து

யாங்கூன்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நலமாக இருக்கிறேன். வேலை பிடிபட்டுவிட்டது. மின்சாரம் அடிக்கடி போய்விடுகிறது, அதற்கும் பழகிவிட்டேன். வேளை தவறாமல் சாப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். இந்தக் கடிதமே சாப்பாட்டைப் பற்றியதுதான்.

வந்த மறுநாளே கடைத் தெருவில் போய், நம் கடையில் விற்கும் நூடுல்ஸ் அத்தோவைக் கேட்டேன். "எந்த அத்தோ?" என்றார்கள். திகைத்துப் போனேன் அப்பா. பர்மிய மொழியில் 'அதோக்' என்றால் கலந்து பிசைந்தது என்றுதான் பொருளாம். இஞ்சியைப் பிசைந்தாலும் அதோக், சமோசாவை வெட்டிப் போட்டுப் பிசைந்தாலும் அதோக். நம்முடையது வேண்டுமானால் 'கவ்ஸ்வே தோக்' என்று கேட்க வேண்டும். சென்னை பீச் ஸ்டேஷன் எதிரில் தாத்தா காலம் முதல் பாதிப் பெயரைச் சொல்லியே விற்று வந்திருக்கிறோம்!

அனவ்ரதா சாலையில் காளி கோயில் இருக்கிறது. 1871இல் நம் தமிழர்கள் கட்டியது. அதற்குப் பக்கத்துச் சந்தில், கன்னத்தில் தனாக்கா என்ற மரப்பட்டைச் சாந்து பூசிய ஒரு அம்மாள் கடை போட்டிருக்கிறார். ஒரு பிடி நூடுல்ஸை எடுத்துக் கத்தரிக்கோலால் நறுக்குகிறார். வறுத்த கடலை மாவு, பூண்டு பொரித்த எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், மீன் சாறு, உலர்ந்த இறால் பொடி. பிறகு ஐந்து விரலும் உள்ளே இறங்குகின்றன. அழுத்தாமல், நூடுல்ஸ் நசுங்காமல், அடியிலிருந்து மேலே தூக்கித் தூக்கிப் பிசைகிறார். மணிக்கட்டு திரும்பும் விதம் அப்படியே உங்களுடையது. சாப்பிட மறந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ருசிக்கு வருகிறேன். அந்தக் கடலை மாவு எண்ணெயையும் புளிப்பையும் இழுத்து ஒவ்வொரு இழையிலும் ஒட்ட வைத்துவிடுகிறது. நம் கடையில் தட்டின் அடியில் தண்ணீர் தங்குகிறதே, அதற்கு மருந்து இதுதான். நாளைக்கே ஒரு கைப்பிடி போட்டுப் பாருங்கள். ஆனால் தட்டை போலப் பொரித்த பேஜோவை நொறுக்கிப் போடுவதில் நம்மை அடிக்க ஆளில்லை. அந்த மொறுமொறுப்பு இந்தத் தட்டில் இல்லை. இவர்களுக்குப் பத்துக்கு எட்டு, உங்களுக்கு எட்டரை. மகன் என்பதற்காகப் போட்ட மதிப்பெண் இல்லை.

மொஹிங்காவுக்கு மட்டும் பத்துக்குப் பத்து. கெளுத்தி மீனை வேகவைத்து உதிர்த்து, எலுமிச்சைப் புல், வாழைத்தண்டு எல்லாம் போட்டுக் கெட்டியாகக் காய்ச்சுகிறார்கள். அரிசி நூடுல்ஸின் மேல் அதை ஊற்றி, அவித்த முட்டையும் பொரித்த பருப்பு வடையும் போட்டுத் தருகிறார்கள். விடிந்ததும் ஊரே அதன் முன்னால் உட்கார்ந்துவிடுகிறது. முதல் வாய் வைத்ததும் புரிந்துவிட்டது: அத்தோவுடன் நாம் சும்மா ஊற்றிக் கொடுக்கும் வாழைத்தண்டு சூப், மீன் இல்லாத மொஹிங்காவேதான். 1964இல் இங்கிருந்து கப்பலேறிய தாத்தா இதைத்தான் மனதில் வைத்துக் காய்ச்சியிருப்பார்.

பிரியாணியை இங்கே 'டான்பவுக்' என்கிறார்கள். கோழி நன்றாக வெந்திருந்தது, சோறு எனக்குக் கொஞ்சம் இனிப்பு. ஒரு கடையில் மாட்டிக்கொண்டேன்: குழம்பின் மேல் இரண்டு விரல் எண்ணெய், அதுவும் பழைய எண்ணெய். எண்ணெய் பிரிந்து மிதப்பதுதான் இவர்கள் குழம்புக்குப் பதம். ஆனால் எண்ணெய் புதிதாக இருக்க வேண்டாமா? கூடவே வந்த புளிச்சக்கீரைச் சாறுதான் அன்றைக்குச் சோற்றை இறக்கியது.

லபெட் தோக் உங்களுக்குப் பிடிக்குமா என்று தெரியவில்லை. தேயிலையைப் புளிக்க வைத்து, பொரித்த பயறு, வேர்க்கடலை, எள், பூண்டு, தக்காளி சேர்த்துப் பிசைவது. முதல் நாள் கசந்தது. மூன்றாம் நாள் நானாகவே தேடிப் போனேன். பழத்தில் மாம்பழம், இறைச்சியில் பன்றி, இலையில் லபெட் என்று இங்கே ஒரு பழமொழி உண்டு. அம்மாவுக்கு நிச்சயம் பிடிக்கும், வரும்போது ஒரு பொட்டலம் கொண்டுவருகிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். நம் நூடுல்ஸுக்கு அந்த ஆரஞ்சு நிறம் எப்போது வந்தது? நான் இதுவரை சாப்பிட்ட கடைகளில் எல்லாம் வெளிர் மஞ்சள்தான். தாத்தா இங்கிருந்து வரும்போதே கொண்டுவந்ததா, இல்லை வியாசர்பாடிக்குக் குடிவந்த பிறகு யாராவது சேர்த்ததா? அத்தைக்கு நினைவிருக்கும். கேட்டு எழுதுங்கள்.

உங்கள் அன்பு மகன்