தண்ணீருக்கு ‘ஃபென்’ என்று சொல்லும் தீவுக்கு

கல்லடி, மட்டக்களப்பு

அன்பின் மச்சான்,

நலம். நீ அனுப்பிய மூன்று வொய்ஸ் மெசேஜையும் கேட்டேன். பதிலைப் பேசி அனுப்பலாம் என்று தொடங்கி இரண்டு தடவை அழித்துவிட்டேன். இந்த விசயத்தை எழுதினால்தான் எனக்கு ஒழுங்காக வரும்.

முதலில் வீட்டுச் செய்தி. கண்ணகை அம்மன் குளிர்த்தித் திருவிழாவுக்கு உன் ஊர் காரைதீவுக்குப் போயிருந்தேன். உன் அம்மாவுக்கு முழங்கால் நோவு இருக்கிறது, ஆனாலும் குளிர்த்திப் பாடல் முடியும்வரை கோயிலை விட்டு அசையவில்லை. நான் வெளிக்கிடும்போது ஒரு போத்தல் மாசிச் சம்பல் தந்துவிட்டார். மாசிக் கருவாடு நீ அனுப்பியதாம். உன் தீவு மீன் காரைதீவில் சம்பலாகி, இப்போது கல்லடியில் என் இடியப்பத்தோடு இருக்கிறது.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். மாலைதீவில் முழுநேரம் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டே தொலைக்கல்வியில் ஒரு பட்டத்தைத் தொடங்கலாமா என்று கேட்டிருந்தாய். தொடங்கு மச்சான். முப்பத்தைந்து வயதில் இனி என்ன படிப்பு என்று யாரும் சொன்னால் காதில் விழுத்தாதே. உன் ஊரில் பிறந்த விபுலானந்த அடிகளை நினைத்துப் பார். துறவியாகும் முன், மயில்வாகனனாக, யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்த காலத்தில் படித்துத்தான் 1920இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் பீ.எஸ்.சி. எடுத்தார். லண்டனுக்குப் போய்ப் படிக்காமலேயே எடுத்த பட்டம் அது. அந்தப் பல்கலைக்கழகம் வெளிவாரி மாணவர்களுக்கு 1858இலேயே கதவைத் திறந்துவிட்டது. அவருக்குக் கப்பலில் வந்த புத்தகம் உனக்குப் போனில் வருகிறது. பகல் முழுக்கப் படிப்பித்துவிட்டு இரவில் மாணவனாக உட்காருகிற வேலை மட்டும் மாறவில்லை.

எந்தப் பாடம் எடுப்பது என்பதில்தான் நான் உன்னோடு நிறையப் பேச வேண்டும். நீ முகாமைத்துவம் என்று சொல்கிறாய். வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் உன்னைப்போலவே அங்கே தீவில் படிப்பித்துக்கொண்டு பட்டம் படித்த என் அனுபவத்தைக் கேள். முதல் வருடம் நான் வகுப்பையும் படிப்பையும் இரண்டு தனி வேலையாகச் செய்தேன். ஒன்று மற்றதைத் தின்றது. இரண்டாம் வருடம் பேச்சொலிகளைப் பற்றிய ஒலியியல் பாடம் வந்ததும் எல்லாம் மாறிப்போயிற்று.

எங்கள் பிள்ளைகள் மீனுக்கு ஆங்கிலத்தில் ‘பிஷ்’ என்றுதானே சொல்வார்கள்? தமிழில் ஃப ஒலி இல்லை, அதனால் பகரம் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அதே திருத்தத்தைத் தீவுப் பிள்ளைகளுக்கும் செய்ய வேண்டும் என்று ஒரு பாடத்தையே தயாரித்துக்கொண்டு போனேன். ஒரு பிள்ளைக்கும் அது தேவைப்படவில்லை. அவர்களின் தாய்மொழியான திவேகியில் தண்ணீருக்கு ‘ஃபென்’, ஐந்துக்கு ‘ஃபஹே’. சிங்களத்தில் ஐந்து ‘பஹ’. இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்த மொழிகள், ஆனால் பழைய பகரம் திவேகியில் ஃபகரமாகத் திரும்பிவிட்டது. என் பாடத்திட்டப் புத்தகத்தில் இருந்த ஒலிமாற்றம், ஐந்தாம் வகுப்பு வாங்கில் இருந்து என்னிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டது.

அதோடு இன்னொன்று. அவர்கள் காரை ‘காரு’ என்கிறார்கள், மோட்டார் சைக்கிளை ‘சைக்கலு’ என்கிறார்கள். எங்கள் ஆச்சிமார் ‘பஸ்ஸு’ என்பதுபோலவே சொல்லின் முடிவில் ஓர் உகரம். நம் மொழியும் அவர்கள் மொழியும் ஒரே குடும்பம்கூட இல்லை, ஆனாலும் இந்த இடத்தில் இரண்டு நாட்டுப் பிள்ளைகளும் ஒரே மாதிரி நாக்கை வைக்கிறார்கள். நான் அதை ஒரு கொப்பியில் குறிக்கத் தொடங்கினேன். யார், எந்தச் சொல், வாசிக்கும்போதா பேசும்போதா என்று. அந்தக் கொப்பிதான் கடைசி வருடம் என் ஆய்வுக் கட்டுரையானது. அதன்பிறகு வகுப்பு எனக்குப் படிப்பின் இடைஞ்சலாகத் தெரியவில்லை. முதலாம் பாடம் மணியடித்ததும் என் நூலகம் திறந்ததுபோல இருந்தது.

நேரத்தைப் பற்றி: வாரத்துக்கு 12 மணித்தியாலம் எனக்குத் தேவைப்பட்டது. அங்கே வெள்ளியும் சனியும் விடுமுறை என்பதால் வெள்ளி காலையில் ஜும்ஆத் தொழுகைக்கு ஊர் கிளம்பும்வரை ஒரே அமைதி. அந்த நேரத்தை யாருக்கும் கொடுத்துவிடாதே. கட்டுரைகளை இணைப்பு நன்றாக இருக்கும் இரவில் இறக்கி வைத்துக்கொள்.

இன்னொன்றையும் முக்கியமாகச் சொல்ல வேண்டும். இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் என்றால் மணிக்கூட்டைக் கவனி. ஓர் அசைன்மென்டுக்குக் கடைசி நேரம் அங்கே நண்பகல் 12 மணி. குளிர்காலம் முழுக்க அது தீவில் மாலை 5 மணி. மார்ச் கடைசி ஞாயிறு அவர்கள் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளுவார்கள், அதன்பிறகு நமக்கு 4 மணி. அது தெரியாமல் நான் நாலரைக்கு அனுப்பினேன். மூன்று வாரம் கண்விழித்து எழுதியதற்குப் புள்ளியை வெட்டிவிட்டார்கள். அன்றிரவு படகுத்துறையில் போய்த் தனியாக இருந்தேன். மட்டக்களப்பு வாவியை நினைத்து அழுதது அங்கே அந்த ஒரு நாள்தான்.

பட்டம் எடுத்தால் கொரியா போகலாமா என்று கேட்டாய். அங்கே ஆங்கிலம் படிப்பிக்கும் ஈ-2 விசாவை அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அயர்லாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா என்ற ஏழு நாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்குத்தான் பொதுவாகக் கொடுக்கிறார்கள். நீ எவ்வளவு நன்றாகப் படிப்பித்தாலும் அவர்கள் பார்ப்பது கடவுச்சீட்டை. இது அநியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன். வியட்நாமில் பட்டமும் கற்பித்தல் சான்றிதழும் கேட்பார்கள், அங்கே உனக்கு வழி இருக்கிறது. எங்கே பதிந்தாலும், காசு கட்டும் முன் அந்தப் பல்கலைக்கழகத்தை இங்கே பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரிக்கிறதா என்று எழுதிக் கேட்டு, பதிலைக் கடிதமாக வைத்துக்கொள். நாளைக்கு ஊரில் வேலைக்கு வந்து நிற்கும்போது அந்தக் கடிதம்தான் பேசும்.

நான் இப்போது பின்னேரங்களில் ஓ.எல். பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். மேல்பல்லைக் கீழுதட்டில் வைத்து ஊதச் சொன்னால் வகுப்பே சிரிக்கிறது. பிறகு ஒவ்வொருவராக ஃபிஷ் என்கிறார்கள்.

உன் வகுப்பில் உகரம் சேர்த்துச் சொல்லும் சொற்களை இந்த வாரம் ஒரு பத்தாவது எழுதி அனுப்பு. என் பழைய கொப்பியோடு வைத்துப் பார்க்க வேண்டும். அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் எடு, அன்று காலையிலேயே பார்த்துக்கொண்டு இருப்பாராம்.

அன்புடன்,
உன் வாங்குத் தோழன்