தோட்டக்காணிச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை 2024/2025

தலைவர் அவர்களுக்கும் நிருவாகக் குழுவினருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம். கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே சமர்ப்பிக்கிறார். இவ்வாண்டுக் கூட்டங்களில் அதிகம் பேசப்பட்டது அப்பிளின் ஒட்டுக்கட்டை, அதாவது நாம் விரும்பும் இனத்தை மேலே ஒட்டுவதற்கான வேர்ப்பகுதி என்பதால், இவ்வறிக்கையின் பெரும்பகுதியும் அதற்கே.

கன்று வாங்கப் போகும்போது கொக்ஸா, டிஸ்கவரியா என்று அப்பிள் இனத்தை மட்டும் கேட்கிறோம். மரம் எவ்வளவு உயரும், எத்தனையாம் ஆண்டு காய்க்கும் என்பதைப் பெரிதும் முடிவு செய்வது மண்ணுக்குள் இருக்கும் கட்டை. பெயர்ச்சீட்டில் 'எம்' என்றிருந்தால் இங்கிலாந்தின் கென்ற் மாவட்டத்து ஈஸ்ட் மோலிங் பழ ஆராய்ச்சி நிலையத்தின் கட்டை. 'எம்எம்' என்பவை, கம்பளி அசுவினி என்ற சாறுறிஞ்சும் பூச்சி தாக்காத கட்டை வேண்டுமென்று மோலிங்கும் ஜோன் இன்னஸ் நிறுவனமும் 'நோர்தன் ஸ்பை' என்ற அப்பிள் இனத்தைக் கலந்து உருவாக்கியவை. எண்ணைப் பார்த்து உயரத்தைக் கணிக்க வேண்டாம். எம்27, எம்9ஐ விடக் குள்ளம். இங்கே சொல்லும் கட்டைகளில் எம்25தான் பெரிது.

எம்27 ஒன்றரை மீற்றரைச் சற்றுத் தாண்டும். நன்கு வளர்ந்த மரம் ஏறத்தாழ 6 கிலோ தரும். எம்9 இரண்டு முதல் இரண்டரை மீற்றர், 18 கிலோ அளவு. எம்எம்106 நான்கு மீற்றர் வரை வளர்ந்து 45 கிலோவைத் தொடும். எம்25ஐ 6 மீற்றர் இடைவெளியில்தான் வைக்கலாம் என்பதால் நம் காணிகளுக்கு அது ஒத்துவராது.

மரத்துக்கு மரம் ஒப்பிட்டால் எம்எம்106 வென்றது போலத் தோன்றும். இடத்தை வைத்துக் கணக்குப் பார்ப்பதே சரி. நான்கு மீற்றர் இடைவெளியில் ஒரு எம்எம்106 மரம் 16 சதுர மீற்றர் பிடிக்கும். அதே இடத்தில், இரண்டரை மீற்றருக்கு ஒன்றாக இரண்டு மூன்று எம்9 மரங்கள் நிற்கும். விளைச்சல் கிட்டத்தட்ட அதே 45 கிலோ. எம்9 இரண்டு மூன்று ஆண்டில் காய்க்கத் தொடங்கும், ஏணியும் வேண்டாம். ஆனால் அதன் வேர் முறியும் தன்மையது. முட்டுத்தடியை ஒருநாளும் எடுக்க முடியாது. எம்எம்106க்கு முதல் நான்கைந்து ஆண்டுகள் தடி போதும், புல்லையும் வறட்சியையும் ஓரளவு தாங்கும். கிழமைக்கு ஒருமுறைதான் காணிக்கு வர முடிகிறவர்களுக்கு எம்எம்106ஐயே குழு பரிந்துரைக்கிறது. தண்ணீர் தேங்கும் களிமண் காணி மட்டும் விலக்கு: அங்கே அதற்குக் கழுத்தழுகல், அதாவது மண்மட்டத்தில் அடித்தண்டு அழுகும் நோய் வரும். எம்116 அந்த நோயை நன்றாக எதிர்க்கிறது, மரத்தின் பருமனும் ஏறத்தாழ எம்எம்106 அளவே.

கன்று வீணாகும் காரணங்களில் முதலாவது, ஒட்டிய இடத்தை மண்ணுக்குள் புதைப்பது. குள்ளக் கன்று சரிந்துவிடும் என்று பயந்து ஆழமாக நட்டால், மேலே ஒட்டிய இனமே வேர்விடும்; கட்டையின் கட்டுப்பாடு போய் மரம் கண்டபடி உயரும், காய்ப்பும் பிந்தும். ஒட்டு வீக்கம் மண்ணுக்கு மேல் 10 முதல் 15 சென்ரிமீற்றர் தெரிய வேண்டும். மூடாக்கும் தண்டைத் தொடக்கூடாது. அடியில் கிளம்பும் கட்டைத் தளிர்களை இளசாக இருக்கும்போதே பிய்த்து எடுங்கள். வெட்டினால் மீண்டும் கிளம்பும்.

அடுத்தது ஆசை. எம்27, எம்9 கன்றுகள் நட்ட ஆண்டிலேயே பூக்கும். அந்தப் பிஞ்சுகளை விட்டுவைத்தால் மரம் வளராமல் அப்படியே நின்றுவிடும், பிறகு தேற்றுவது கடினம். முதலாண்டுப் பிஞ்சு அத்தனையையும் கிள்ளுங்கள். குள்ள மரத்தைச் சுற்றி ஒரு மீற்றர் வட்டத்தில் புல் இருக்கக் கூடாது.

பிராம்லி என்ற சமையல் அப்பிளைக் கேட்டவர்களுக்கு ஒரு சொல். அது மும்மடிய இனம் (வழக்கமான இரண்டுக்குப் பதில் மூன்று தொகுதி நிறமூர்த்தங்கள் உடையது), இயல்பிலேயே மிகுந்த வீரியம் உடையது. வழக்கமாக எடுப்பதைவிட ஒரு படி குள்ளமான கட்டையில் வாங்குங்கள். அதன் மகரந்தம் மற்ற மரங்களைக் காய்க்கவைக்க உதவாது, ஆகவே அதே வேளையில் பூக்கும் வேறு இரண்டு இனங்கள் அருகில் தேவை.

வெறும்வேர்க் கன்றுகளை (சட்டியும் மண்ணும் இல்லாமல் விற்பவை) நவம்பர் முதல் மார்ச் வரை நடலாம். கூட்டுக் கொள்வனவுப் படிவத்தில் இனம், கட்டை இரண்டையும் எழுதுங்கள். கட்டை குறிக்கப்படாத படிவங்களைத் திருப்பி அனுப்பக் குழு தீர்மானித்துள்ளது.

செயலாளர்