டேஷ்போர்டைப் பிரிப்பதற்கு முன்னால்

அன்புள்ள முரளி,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடியும் நடக்க ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். பெரியவள் வேலையில் சேர்ந்துவிட்டாள். வீடு வெறிச்சோடித்தான் கிடக்கிறது.

சரி, உன் பழைய கார் விஷயத்துக்கு வருகிறேன். ஹீட்டரில் வெதுவெதுப்பான காற்றுதான் வருகிறது, மெக்கானிக் டேஷ்போர்டைப் பிரிக்க வேண்டும் என்கிறார் என்று எழுதியிருந்தாய். இப்போதே தலையாட்டிவிடாதே. ஹீட்டர் கோர் என்பது டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டர். இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் சூடாகி அதற்குள் ஓடுகிறது, ப்ளோயர் என்கிற விசிறி அதன் வழியாகக் காற்றை ஊதுகிறது. அதை மாற்றுவது பெரிய வேலை. கடைசியாகத்தான் அதில் கை வைக்க வேண்டும்.

முதலில் இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார். சூட்டோடு திறக்கவே திறக்காதே, கொதிக்கிற கூலன்ட் முகத்தில் பீய்ச்சியடிக்கும். பக்கத்தில் இருக்கும் கூலன்ட் டப்பாவில் அளவு சரியாகத் தெரிந்தாலும் ரேடியேட்டரில் குறைந்திருக்கலாம். குறைந்தால் கோருக்குள் காற்று அடைத்துக்கொள்ளும், இன்ஜினுக்கு ஒன்றும் ஆகாதது போலிருக்கும்போதே ஹீட்டர் படுத்துவிடும். ஊற்றி நிரப்பிய பிறகும் திரும்பத் திரும்பக் குறைந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். அதை விட்டுவிடாதே.

அளவு சரியாக இருந்தால், வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்துவிட்டு பானெட்டைத் திற. இன்ஜினிலிருந்து கேபின் சுவருக்குள் போகும் இரண்டு ரப்பர் ஹோஸ்கள் தெரியும். ஃபேனிலும் பெல்ட்டிலும் கை படாமல், ஒரு துணியை வைத்து இரண்டையும் மெல்லத் தொட்டுப் பார். ஒன்று சுட்டு, மற்றொன்று ஆறிப்போயிருந்தால் கோர் அடைத்திருக்கிறது, இல்லையென்றால் கோருக்குக் கூலன்டை விடும் ஹீட்டர் வால்வு திறக்கவில்லை. வால்வைப் பார்ப்பது சுலபம். அடைப்பென்றால் இரண்டு ஹோஸையும் கழற்றி, வெளியே வரும் பக்கமாக மெதுவாகத் தண்ணீர் விட்டால் துருவும் சேறும் கலங்கி வரும். வேகமாக விடாதே, பழைய கோர் தாங்காது. கசிவை அடைக்கும் மருந்தை யாராவது ஊற்றச் சொன்னாலும் கேட்காதே. அந்த மெல்லிய குழாய்களில்தான் அது போய் அடைத்துக்கொள்ளும்.

இரண்டும் நன்றாகச் சுட்டால் கோரில் குறையில்லை. காற்றைத் திருப்பிவிடும் கதவோ அதன் கேபிளோ சிக்கியிருக்கும். இரண்டுமே வெதுவெதுப்பாக இருந்தால் எனக்குச் சந்தேகம் தெர்மோஸ்டாட் மேல்தான், கூலன்ட் சூடான பிறகே அதை ரேடியேட்டருக்கு விடும் வால்வு அது. பல வண்டிகளில் அது 82 முதல் 90 டிகிரி செல்சியஸுக்குள் திறக்கும். திறந்தபடியே மாட்டிக்கொண்டால் இன்ஜின் சரியாகச் சூடேறாது. காலையில் ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்திலேயே ரேடியேட்டரின் மேல் ஹோஸ் வெதுவெதுக்க ஆரம்பித்தால் அதுதான் கோளாறு. சின்ன சாமான், மாற்றுவதும் பெரும்பாலும் சுலபம்.

ஒன்று மட்டும் கவனி. கால் வைக்கும் இடத்தில் கார்ப்பெட் ஈரமாகி, இனிப்பான வாடையும் வந்து, முன் கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு போலப் புகைமூட்டம் படிந்தால் கோரே ஒழுகுகிறது. அப்போது மெக்கானிக் சொல்வதுதான் சரி. அதுவரை இரவில் அந்த வண்டியை எடுக்காதே, கண்ணாடி மறைத்தால் ஆபத்து. கீழே சிந்திய கூலன்டை உடனே துடைத்துவிடு, நாயோ பூனையோ நக்கினால் உயிருக்கே ஆபத்து.

ஹோஸ் இரண்டும் எப்படி இருந்தன என்று எழுது. டெம்பரேச்சர் முள் எதுவரை ஏறுகிறது என்பதையும் சேர்த்து எழுது, போன கடிதத்தில் அதைச் சொல்லவில்லை.

அன்புடன்,
ராகவன்