சூடான இலத்திரன் சக்தியை யாரிடம் கொடுக்கிறது?

ஆசிரியருக்கு,

நனோ பளிங்குகள் பற்றி உங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையில் ஒரு வரி திருத்தப்பட வேண்டும். அருட்டப்பட்ட (சூடான) இலத்திரன் மிகைச் சக்தியைச் சாலகத்துக்கு, அதாவது பளிங்கின் அணு அடுக்குக்கு, வெப்பமாகக் கொடுத்தே கீழிறங்கும் என்பது பெரிய குறைகடத்தித் துண்டுக்குப் பொருந்தும். சில நனோமீற்றர் அளவான கட்மியம் செலனைட்டுப் பளிங்குக்குப் பொருந்தாது.

அங்கே இலத்திரனின் முதலிரு சக்தி மட்டங்களுக்கு இடைவெளி ஏறத்தாழ 0.3 இலத்திரன்வோல்ற்று. சாலக அதிர்வின் ஒரு சொட்டோ (அதிர்வு ஏற்கும் மிகச் சிறிய சக்திப் பொதி) 0.026 மட்டுமே. பத்துக்கு மேற்பட்ட சொட்டுகள் ஒரேயடியாக வெளியேறினால்தான் கணக்குச் சரிவரும்; அதற்கான வாய்ப்பு மிக அரிது. ஆகவே இறக்கம் மிகவும் மந்தமாகும் என்றே 1990களின் தொடக்கத்தில் எதிர்பார்த்தார்கள். பௌதிகவியலாளர் கிளிமோவின் குழு இறங்கும் நேரத்தை அளந்தபோது வந்த விடை நேர்மாறானது: பளிங்கின் ஆரை 4.1 நனோமீற்றரில் 530 பெம்தோ செக்கன் (ஒரு பிக்கோ செக்கனில் 1000 பெம்தோ செக்கன்), 1.7 நனோமீற்றரில் 120. பளிங்கு சிறுத்து மட்டங்கள் விலக விலக வேகம் கூடுகிறது!

சக்தியை வாங்குவது துளை, அதாவது அருட்டப்பட்ட இலத்திரன் விட்டுச்சென்ற, நேர்மின்னேற்றத் துகள்போல் நடக்கும் வெற்றிடம். அதன் பயன்படு திணிவு பெரிது, மட்டங்கள் நெருக்கமானவை. வாங்கியதைச் சிறு சிறு படிகளாகச் சாலகத்துக்கு அதுவே கடத்திவிடும். சக்தி ஒளியாகாமல் ஒரு துகளிலிருந்து மற்றொன்றுக்கு நேரே போகும், ஓஜே வகையான இந்தக் கைமாற்றத்தை எஃப்ரோஸ் முதலிய ஆய்வாளர்கள் 1995இலேயே முன்மொழிந்தனர். பளிங்கின் மேற்பரப்பில் பிரிடீன் என்ற சேதன மூலக்கூறை ஏற்றித் துளையைப் பிடித்துவைத்தபோது, ஏறத்தாழ 200 பிக்கோ செக்கன் எடுக்கும் மெதுவான இறக்கம் மேலோங்கியது. இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை. உங்கள் படத்தில் இலத்திரனிலிருந்து முதல் அம்புக்குறி துளைக்கே செல்ல வேண்டும். உயர்தர மாணவர் அதைப் பார்த்துத்தான் படிப்பார்கள்.

சூடான இலத்திரனை ஆறுமுன் வெளியே எடுக்கும் சூரியக் கலங்களைப் பற்றி எழுதுவோருக்கும் இது முக்கியம். மாதிரியைக் குளிரவைப்பதால் பெரிய பயனில்லை. துளையை இலத்திரனிடமிருந்து பிரிக்க வேண்டும். அது மட்டும் போதாது. மேற்பரப்பைப் போர்த்தியிருக்கும் சேதன மூலக்கூறுகளின் காபன்-ஐதரசன் பிணைப்பு 0.36 இலத்திரன்வோல்ற்றில் அதிர்வதால், அதுவும் சக்தியை உறிஞ்சும். பளிங்கைச் சுற்றிய தடித்த ஓடுகளால் இலத்திரனை அதற்கு எட்டாமல் வைத்தபோதுதான், 2008இல், இறங்கும் நேரம் ஒரு நனோ செக்கனைத் (1000 பிக்கோ செக்கன்) தாண்ட முடிந்தது.

இத்துறையில் ஆய்வுக்குச் செல்லும் நம் பல்கலைக்கழக மாணவருக்கும் ஒரு சொல். ஒன்று அருட்ட, மற்றது பிந்தி வந்து அளக்கும் இரு லேசர்த் துடிப்புகளைப் பயன்படுத்தும்போது, ஒரு துடிப்பைத் திருப்பியனுப்பும் ஆடி பொருத்திய மேடை 0.15 மில்லிமீற்றர் நகர்ந்தால் தாமதம் 1 பிக்கோ செக்கன். ஒளி போய்வருவதால் தூரம் இரட்டிக்கும். அருட்டும் துடிப்பு வலுத்தால் ஒரே பளிங்கில் இரு இலத்திரன்-துளைச் சோடிகள் உருவாகி, அவற்றின் ஓஜே அழிவு (ஒரு சோடி அழிந்து அதன் சக்தி மற்றதற்குப் போவது) அளவீட்டில் கலந்துவிடும். பளிங்கொன்றுக்குச் சராசரி 1 போட்டன் உறிஞ்சப்பட்டால், அருட்டப்பட்டவற்றில் 42 வீதம் இப்படிக் கெடும், 0.1 எனில் 5 வீதமே. கரைசலைக் கலக்கிக்கொண்டே இருங்கள். தேங்கினால் மின்னேற்றம் பெற்ற பளிங்குகள் ஒளிபடும் இடத்தில் சேர்ந்து, இல்லாத வேகத்தைக் காட்டும்.

பௌதிகவியல் ஆசிரியர் ஒருவர்,
கொக்குவில், யாழ்ப்பாணம்.